சிஸ்டர்கள் வீட்டு பெஞ்சு

எனக்கு வரையத் தெரியும். பதினெட்டு வருஷமாகத் துபாயில் அந்த ஒரு வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். வில்லா, கிளினிக், கிடங்கு, நாலு மாடி பிளாட், எதைக் கொடுத்தாலும் பிளான் போட்டுவிடுவேன். சமையலறையில் ஃப்ரிட்ஜ் கதவு எந்தப் பக்கம் திறக்கும், கழிப்பறையில் உட்கார்ந்தால் முகம் எந்தத் திசையில் இருக்கக் கூடாது, தொழுகை அறையில் மெக்கா திசையைக் காட்டும் கிப்லா அம்புக்குறி எங்கே விழ வேண்டும், எல்லாம் கைக்கே தெரியும். யோசிக்கவே வேண்டாம். யோசிக்காமல் வரைந்ததில்தான் வந்தது வினை. ஏழு பெண்களும் நானும் சேர்ந்து குழம்பிய குழப்பத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு முழுசாகத் தெளியவில்லை.

எங்கள் ஆபீஸ் கராமாவில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேலே. பத்தரை மணிக்கே சாம்பார் வாசனை படியேறி வந்துவிடும். முதலாளி கீழக்கரைக்காரர். ஆபீஸில் எல்லோருக்கும் அவர் பாய். ஒரு நாள் என் மேஜைக்கு வந்து, "தம்பி, கான்வென்ட் வேலை ஒண்ணு வந்திருக்கு" என்றார்.

"எத்தனை கிளாஸ்ரூம் பாய்?" என்று கேட்டேன். கும்பகோணத்தில் வளர்ந்தவனுக்கு கான்வென்ட் என்றால் பள்ளிக்கூடம்.

"கிளாஸ்ரூம்லாம் இல்ல. சிஸ்டருங்க தங்குற வீடு. டொமினிக்கன் சிஸ்டர்ஸ்."

டொமினிக்கன் என்றால் என்ன என்று அவருக்கும் தெரியவில்லை. ஏதோ தீவு என்று இருவருமே நினைத்தோம்.

ராசல்கைமா போகும் சாலையிலிருந்து விலகி, பேரீச்சை மரங்கள் வரிசையாக நின்ற தெருவில் இருந்தது அந்த வீடு. பழைய ஒற்றை மாடி வில்லா. பக்கத்திலேயே அவர்கள் நடத்தும் சின்னப் பிள்ளைகள் பள்ளி. வில்லா விரிசல் விட்டுவிட்டதால் அதே காம்பவுண்டில் புது மடம் கட்ட வேண்டும். ஏழு சிஸ்டர்கள். மூன்று பேர் லெபனான், இரண்டு பேர் பிலிப்பைன்ஸ், ஒருவர் கேரளம், ஒருவர் நம்ம தூத்துக்குடி. லெபனான்காரர்களில் ஒருவர்தான் தலைவி. நான் அவரைப் பெரிய சிஸ்டர் என்று அழைத்தேன். அவருக்கு வயது என்னவோ மற்ற பலரைவிடக் குறைவு.

தூத்துக்குடி சிஸ்டருக்கு அறுபதைத் தொட்ட வயது. தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் முதல் நாளே ஏலக்காய் டீ போட்டுக் கொடுத்தார். ஆனால் அவரிடம் பேசுவது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நான் டிராயிங்கைப் பார்த்துக்கொண்டே பேசுகிற ஆள். பேச ஆரம்பித்தால் உடனே, "ஏ தம்பி, மூஞ்சியப் பாத்துப் பேசுங்க" என்பார். பள்ளிக்கூடத்து டீச்சர் அதட்டுவது மாதிரி இருக்கும். சில சமயம் நான் கேட்டதற்குச் சம்பந்தமே இல்லாமல் பதில் சொல்வார். சில சமயம் பதிலே வராது. கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவர் என்று முடிவுகட்டிக்கொண்டேன்.

முனிசிபாலிட்டி ஃபைலில் வைக்க, அந்த மடத்தின் வரலாறு ஒரு பக்கம் வேண்டும் என்றார்கள். எழுதுகிற பொறுப்பும் என் தலையில் விழுந்தது. பெரிய சிஸ்டரிடம் எப்போது தொடங்கியது என்று கேட்டேன். அவர் எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் போய்விட்டார். ஸ்பெயின் நாட்டுச் சாமியார் ஒருவர் ஊர் ஊராக நடந்து பிரசங்கம் செய்தாராம். டொமினிக்கன் என்பது அவர் பெயரிலிருந்து வந்ததாம், தீவு இல்லை. அவர் ஏற்படுத்திய முதல் வீடே பெண்களுக்குத்தானாம், ஆண்களுக்கு அப்புறம்தானாம். "அது சரி சிஸ்டர், இங்கே எப்போது?" என்று கேட்டால் சிரித்தார். இன்னொரு லெபனான் சிஸ்டர், முதலில் ஒரு வாடகை பிளாட்டில் இருந்தோம் என்றார். மூன்றாமவர், பிளாட் இல்லை, ஒரு போர்ட்டா கேபின், ஏ.சி. ஓடினால் பிரார்த்தனை கேட்காது என்றார். பிளாட்டில் இருந்தது வேறு ஊர் சிஸ்டர்கள் என்று அவர்களுக்குள்ளேயே விவாதம் கிளம்பியது. பிலிப்பைன்ஸ் சிஸ்டர்கள் இரண்டையும் கேட்டுவிட்டு மூன்றாவதாக ஒன்று சொன்னார்கள். நான் நாலு தடவை எழுதி நாலு தடவையும் கிழித்தேன். கடைசியில், 'இவர்கள் பல வருஷங்களாக இங்கே இருக்கிறார்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். அதில் யாருக்கும் மறுப்பில்லை.

கட்டடத்தின் தோற்றத்திலும் குழப்பம்தான். பாய் எங்கேயோ தேடி, பிரான்ஸில் ஒரு மலைச்சரிவில் நிற்கும் டொமினிக்கன் மடத்தின் படங்களைக் கொண்டுவந்து காட்டினார். பூசாத கான்கிரீட், வண்ணம் கிடையாது, சிலை கிடையாது, சுவரில் கீறிவிட்ட மாதிரி ஒரு சந்து, அதன் வழியே வெளிச்சம். பார்க்கிங் கட்டடத்தை ஏன் மடம் என்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. பெரிய சிஸ்டரோ அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுதான், இந்த மாதிரிதான். ஒன்றுமே இல்லாமல்" என்றார். ஒன்றுமே இல்லாததை எப்படி வரைவது? எங்கள் கிளையண்ட்கள் எல்லாம் தூணுக்குத் தூண் தங்க வண்ணம் கேட்கிறவர்கள். இந்த அம்மா இருப்பதையும் எடுக்கச் சொன்னார். வெளிப்பக்கம் சிலுவையும் இல்லை. வேலை முடிந்தபோது தெருவில் போன ஒருவர் பல் டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்று என்னைக் கேட்டார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சேப்பலுக்கு, அதாவது அவர்கள் ஒரு நாளைக்குப் பல தடவை கூடிப் பிரார்த்திக்கும் அறைக்கு, பெரிய சிஸ்டரே பென்சிலால் ஒரு ஸ்கெட்ச் போட்டுக் கொடுத்தார். அதை ஏழு பேரும் ஓட்டுப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டுமாம். அதுவும் எனக்குப் புதுசு. தலைவி என்றால் சொல்ல வேண்டியதுதானே? இங்கே தலைவியையே ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்களாம். என்னைச் சமையலறையில் உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளே ஒரு மரப்பெட்டி. சம்மதம் என்றால் வெள்ளைக் கொண்டைக்கடலை, இல்லை என்றால் கறுப்புக் கொண்டைக்கடலை. பெட்டிக்குள் அது விழும் சத்தம் எனக்குக் கேட்டது. ஏழும் வெள்ளை. போட்ட கடலையை வீணாக்காமல் திரும்ப டப்பாவில் கொட்டிவைத்தார் தூத்துக்குடி சிஸ்டர்.

ஆபீஸுக்கு வந்து அந்த ஸ்கெட்ச்சைப் பிரித்தேன். இரண்டு வரிசை பெஞ்சு. ஆனால் பெஞ்சுகள் பீடத்தைப் பார்க்கவில்லை. ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு, நடுவே வெற்றிடம் விட்டு, பக்கச் சுவர்களை ஒட்டி இருந்தன. ரயில் பெட்டி மாதிரி. பாவம் அந்த அம்மா, வரையத் தெரியவில்லை, சாப்பாட்டு அறை பெஞ்சை இங்கே போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். சாமி கும்பிடும் இடத்தில் சாமியைப் பார்க்காமல் ஆளை ஆள் பார்த்துக்கொண்டா உட்காருவார்கள்? ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கிளையண்ட் தப்பாக வரைந்ததைச் சொல்லிக் காட்டி அவமானப்படுத்தாமல் சத்தமில்லாமல் திருத்திக் கொடுப்பதுதான் நல்ல டிராஃப்ட்ஸ்மேனுக்கு அழகு என்று அத்தனை வருஷமும் பெருமையாக இருந்தவன் நான். பெஞ்சுகளைச் சுழற்றி, வரிசை வரிசையாகப் பீடத்தைப் பார்க்க வைத்தேன். பாய் வந்து எட்டிப் பார்த்தார். "வரிசை கச்சிதமா இருக்கு தம்பி. ஒரே தெச." அவருக்கும் அது இயல்பாகத்தான் பட்டது.

பெஞ்சுகள் மரம் அல்ல, தரையோடு சேர்த்து வார்த்த கான்கிரீட். பிரான்ஸ் படத்தின் பாதிப்பு. பெரிய சிஸ்டர் எல்லா டிராயிங்கிலும் கையெழுத்துப் போட்டார். சேப்பல் தாளில் மட்டும் பேனா கொஞ்ச நேரம் நின்றது. என்னைப் பார்த்தார். நான் சிரித்தேன். போட்டுவிட்டார்.

கட்டடம் முடிந்து அவர்கள் குடிபோன பிறகு, குறைகளைப் பார்த்துப் பட்டியல் எடுக்க மாதத்துக்கு ஒரு தடவை நான் போக வேண்டியிருந்தது. முதல் தடவை போனபோது நண்பகல் பிரார்த்தனை நடந்துகொண்டிருந்தது. பின்னால் நின்று கேட்டேன். இடது பக்கம் இருப்பவர்கள் ஒரு வரி சொல்வார்கள், வலது பக்கம் அடுத்த வரி. மாறி மாறி, ஒரே நிதானத்தில். வலது பக்கம் சொல்லிக்கொண்டிருக்கும்போது இடது பக்கத்திலிருந்து ஒரு குரல் தனியாகக் கிளம்பியது. தூத்துக்குடி சிஸ்டர். பக்கத்தில் இருந்த பிலிப்பைன்ஸ் சிஸ்டர் அவர் கையைத் தொட்டார். குரல் நின்றது. சற்று நேரத்தில் மறுபடியும் தப்பான இடத்தில் கிளம்பியது. அப்புறம் பிரார்த்தனை முடியும் வரை அவர் வாயே திறக்கவில்லை. பெரிய சிஸ்டர் என்னிடம், "அவருக்கு வயதாகிறது. களைப்பு" என்று மெதுவாகச் சொன்னார்.

அடுத்த மாதம் போனபோது பிரார்த்தனை நேரத்தில் அவர் சேப்பலுக்குள் போகவே இல்லை. வெளி நடையில் ஜன்னல் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு முதுகைக் காட்டி நின்றார். "சிஸ்டர், உள்ளே போகலையா?" என்று கேட்டேன். பதில் இல்லை. எனக்குக் கோபம்கூட வந்தது, என்ன பெரிய மிதப்பு இவருக்கு என்று. அந்தக் கோபத்தில் கையிலிருந்த பெரிய இரும்பு அளவு டேப் நழுவி, கல் தரையில் விழுந்தது. நானே துள்ளிவிட்டேன். உள்ளே பிரார்த்தனைகூட ஒரு கணம் தடுமாறியது. அவர் திரும்பவில்லை. துணியால் அதே விளிம்பை அதே நிதானத்தில் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் சுற்றிப் போய் அவர் முன்னால் நின்றேன். "சிஸ்டர், உங்களுக்குக் காது கேக்காதா?"

என் வாயைப் பார்த்தார். முகம் சிவந்துபோனது. "மெதுவா, தம்பி. கேக்காதது எனக்குத்தான், அவங்களுக்கு நல்லாவே கேக்கும்" என்று உள்ளே கை காட்டினார். முக்காட்டுக்குள் மெஷின் வைத்திருக்கிறாராம். புது சேப்பலில் அதைப் போட்டால் ஒரே இரைச்சல், கான்கிரீட்டில் சத்தம் முட்டி முட்டித் திரும்புகிறது.

"அப்ப இத்தன வருஷமா எப்படிச் சேர்ந்து சொன்னீங்க?"

"எதிர்ல இருக்கவங்க வாயப் பாத்துத்தான். அந்தப் பழைய வீட்டுல கேரளா சிஸ்டர் எனக்கு நேர் எதிர்ல இருப்பாவ. அவங்க வாய் மூடுனா நான் தொறப்பேன். அம்புட்டுத்தான். இங்க எனக்கு முதுகுதான தெரியுது? முதுகு என்னத்தச் சொல்லும்?" சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தார். "ஊருக்கு அனுப்பிருங்கன்னு எழுதிக் கேட்டிருக்கேன். காதுக்காகன்னு சொல்லல. வயசாச்சுன்னு சொன்னேன். நீங்களும் சொல்லிராதீங்க."

"டிராயிங் காட்டினப்பவே சொல்லியிருக்கலாமே சிஸ்டர்."

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "நாங்க ஓட்டுப் போட்ட படத்துல எதிரும் புதிருமாத்தான தம்பி இருந்துச்சு? அதுக்குத்தான நான் வெள்ளக் கடல போட்டேன்?"

காரில் ஏறி ஏ.சி. போட்ட பிறகும் வேர்த்தது. ஒரு மனுஷியின் வாயை நான் அடைத்துவிட்டேன். அதுவும் நல்லெண்ணத்தோடு, கேட்காமல், சத்தமில்லாமல்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். எனக்கு ஆறுதல் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ஏங்க, நம்ம கோயில்ல சாமிக்கு நேரா நின்னா குருக்கள் என்ன சொல்வார்?"

"மறைக்காதீங்கோ, ஒதுங்கி நில்லுங்கோன்னு சொல்வார்."

"ஒதுங்கி எங்க நிப்பீங்க?"

இரண்டு பக்கமும் ஒதுங்கி, எதிரெதிராகத்தான் நிற்போம். எதிர் வரிசைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் பார்த்து நாமும் போட்டுக்கொள்வோம். பெருமாள் கோயிலில் பாசுரம் சொல்லும் கோஷ்டி எப்படி உட்காரும்? இரண்டு வரிசை, முகத்துக்கு முகம். இந்த வரிசை ஒன்று சொன்னால் அந்த வரிசை அடுத்தது. சின்ன வயசிலிருந்து பார்த்ததுதான். பதினெட்டு வருஷத் தொழுகை அறைகளும் அம்புக்குறிகளும் சேர்ந்து அதை என் கையிலிருந்து அழித்துவிட்டனவா, அல்லது நான் எதையுமே ஒழுங்காகப் பார்த்ததில்லையா? இதற்கு இன்னும் எனக்கு விடை தெரியாது.

"உங்களுக்கு வரையத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவள் திரும்பக் காயை நறுக்கினாள்.

மறுநாள் பாயிடம் சொன்னேன். அவர் முதலில், "கையெழுத்துப் போட்டுட்டாங்கள்ல? கலாஸ், முடிஞ்சுது. கட்டுனத ஒடச்சா நம்ம பேர் என்னாவறது?" என்று கத்தினார். அப்புறம், "அந்தம்மாவுக்கு உண்மையிலயே கேக்காதா?" என்று கேட்டார். கேட்காது என்றேன். "போய்ச் சொல்லிட்டு வா. ஒடைக்கச் சொன்னா ஒடச்சிருவோம். என்னையும் சேத்துத்தான் சொல்லணும், நானும் பாத்துட்டு நல்லாருக்குன்னேன்" என்றார்.

தூத்துக்குடி சிஸ்டரின் காதைப் பற்றி மற்ற சிஸ்டர்களிடம் சொல்ல மாட்டேன் என்று அவரிடம் தலையாட்டியிருந்தேன். அதனால் ஏழு பேர் முன்னாலும் நின்று என் தப்பை மட்டும் சொன்னேன். நீங்கள் வரைந்ததைத் தப்பு என்று நினைத்து நானே மாற்றிவிட்டேன், கேட்கவில்லை, மன்னிக்க வேண்டும் என்றேன். பிறகு பெரிய சிஸ்டர் சிரிக்க ஆரம்பித்தார். மற்றவர்களும் சிரித்தார்கள்.

"நீ மாற்றியதா? நாங்கள் முனிசிபாலிட்டி சட்டம் என்று நினைத்தோம்! எதிரெதிராக உட்கார இங்கே அனுமதி இல்லை போல என்று பேசாமல் இருந்துவிட்டோம்."

நான் அவர்கள் தப்பை மறைக்க வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் இல்லாத சட்டத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். இந்த ஊரில் எல்லோரும் இப்படித்தான், தெரியாததை எல்லாம் ரூல் என்று எடுத்துக்கொள்வோம்.

உடைப்பதா வேண்டாமா என்று மறுபடியும் ஓட்டு. மறுபடியும் நான் சமையலறையில். மூன்று பேராவது வேண்டாம் என்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. தூசி, சத்தம், புதுத் தரை பாழாகும். அவர்களுக்குக் காரணமும் தெரியாது. கடலை விழும் சத்தத்தை எண்ணினேன். ஏழு. கதவு திறந்தது. பெரிய சிஸ்டர், "ஆறு வெள்ளை, ஒரு கறுப்பு. உடைத்துவிடு" என்றார்.

வழக்கம்போல டப்பாவோடு வந்தவர் தூத்துக்குடி சிஸ்டர். வெள்ளையை ஒரு டப்பாவில் கொட்டினார். கறுப்பை விரலால் எடுத்து என்னிடம் காட்டினார்.

"இது என்னுது தம்பி."

"ஏன் சிஸ்டர்? உங்களுக்காகத்தானே இவ்வளவும்?"

"அதான். ஒருத்திக்காகக் கல்ல ஒடைக்கக் கூடாதுன்னு போட்டேன். யாருக்காகன்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் இருந்தது. சந்தோஷமா வருத்தமா என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவராலும் சொல்லியிருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

சோனாப்பூர் தொழிலாளர் கேம்பிலிருந்து பாய் ஆறு பேரை அனுப்பினார். பிரேக்கர் மெஷின் நாலு நாள் ஓடியது. "பெஞ்சு நல்லாத்தானே இருக்கு, ஏன் உடைக்கிறோம்?" என்று அவர்களில் ஒருவர் ஹிந்தியில் கேட்டார். நான் தப்பாக வரைந்துவிட்டேன் என்றேன். அப்படி வாய்விட்டுச் சொன்னது என் தொழிலில் அதுதான் முதல் தடவை. இந்த முறை மர பெஞ்சு போட்டோம், பக்கச் சுவர்களுக்கு முதுகு காட்டி, முகத்துக்கு முகம். இரண்டு வரிசைக்கும் நடுவே எவ்வளவு தூரம் விடலாம் என்று தெரிந்துகொள்ள, தூத்துக்குடி சிஸ்டரை ஒரு முனையில் நிற்கவைத்து, ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய், சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்து என் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். அவர் திரும்பச் சொல்ல முடிந்த தூரம் வரை விட்டோம். முனிசிபாலிட்டி தாளில் அந்த அளவுக்கு நான் காரணம் எழுதவில்லை.

வேலை முடிந்த அன்று நண்பகல் பிரார்த்தனைக்கு என்னையும் உட்காரச் சொன்னார்கள். கேரளா சிஸ்டர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். காலியாக இருந்த அவர் இடத்தைப் பெரிய சிஸ்டர் எனக்குக் கை காட்டி, ஒரு இங்கிலீஷ் பிரார்த்தனைப் புத்தகத்தைப் பிரித்துக் கொடுத்தார். நான் சாமி கும்பிட வந்தவன் இல்லை. மரியாதைக்குப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கலாம் என்று நினைத்தேன். நெற்றியில் காலையில் வைத்த விபூதி வேறு இருந்தது.

எங்கள் பக்கம் தொடங்கியது. நான் வாய் திறக்கவில்லை. நிமிர்ந்தபோது தூத்துக்குடி சிஸ்டர் எனக்கு நேர் எதிரே இருந்தார். புத்தகத்தைப் பார்க்கவில்லை. என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மூடியிருந்தது. அவர் முகத்தில் திகைப்பு ஏறுவதையும், கையிலிருந்த புத்தகம் மெல்ல இறங்குவதையும் பார்த்தேன். அப்போதுதான் நான் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

எந்த வரி என்று தெரியவில்லை. பக்கத்தில் பெரிய சிஸ்டர் விரலால் காட்டினார். யாரைப் பற்றிய வரி, யாருக்குச் சொல்கிறோம், எதுவும் புரியாமல், உதட்டை நன்றாக விரித்து விரித்து, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தேன். வரி முடிந்தது. நான் வாயை மூடினேன். அவர் திறந்தார்.